சபிக்கப்பட்ட முகமூடியை வில்லனாக்கும் கேம்: வெருளிப் பானையிலிருந்து இறுதி நடை வரை முழுமையான வழிகாட்டி

முகமூடியை வில்லனாக வைத்துக் கேம் செய்யப் புறப்படுபவர்கள் பெரும்பாலும் முகமூடியை வரைவதில்தான் தொடங்குகிறார்கள். கொம்பு, கோரைப்பல், சிவந்த கண் எல்லாம் வந்துவிடும். பிறகு அதை மாட்டியிருக்கும் ஆளை வாளால் வெட்டுகிற சண்டை ஒன்றை வைப்பார்கள். அந்த இடத்திலேயே முகமூடி வெறும் தொப்பியாகிவிடுகிறது. விளையாடுபவர் வென்றது அதை மாட்டிய ஆளைத்தான்.

முகமூடியே எதிரியாக நிற்க வேண்டுமானால் அதற்கென்று ஒரு விதி வேண்டும். அந்த விதி படத்திலும் சண்டையிலும் ஒலியிலும் பேச்சிலும் ஒன்றாகவே ஓட வேண்டும். இந்த வழிகாட்டி அப்படி ஒரு விதியை எடுத்து, கேம் செய்யும் இலவச மென்பொருளான கோடாட் 4 இல், மேலிருந்து பார்க்கும் 2டி கேமாக, கைத்தொலைபேசியில் ஓடும்படி கட்டி முடிக்கும் வரை போகிறது. எழுத்து, படம், ஒலி என்று மூன்று பேர் போதும். கிளிநொச்சி அறிவியல் நகரிலோ வவுனியா பல்கலைக்கழகத்திலோ படிக்கும் மூன்று நண்பர்கள் ஒரு விடுமுறைக்குள் முதல் இரவையாவது ஓடவைத்துவிடலாம். கோடாட் ஒரே கோப்பு, நிறுவத் தேவையில்லை. ஆனால் கைத்தொலைபேசிக்கு ஏற்றுமதி செய்வதற்கான வார்ப்புருக்கள் ஏறத்தாழ 1 ஜிபி வரும். நல்ல இணைப்புள்ள இடத்தில் ஒருவர் இறக்கி, மற்ற இருவருக்கும் பென்டிரைவில் கொடுங்கள்.

முதல் படி: முகமூடியிடம் மூன்று கேள்வி

அது எதைத் தின்று வளர்கிறது? மாட்டியவருக்கு எதைக் கொடுக்கிறது? எதனால் விலகும்? இந்த மூன்றுக்கும் ஒவ்வொரு வரியில் விடை எழுதும் வரை கணினியைத் திறக்க வேண்டாம்.

இதை நன்றாகச் செய்த கேம் ஒன்று உண்டு. 2000 ஆம் ஆண்டு நின்டென்டோ 64 க்கு வந்த 'த லெஜண்ட் ஒஃப் ஸெல்டா: மஜோராஸ் மாஸ்க்'. அதில் முகமூடியை மாட்டியிருப்பது ஸ்கல் கிட் என்ற தனிமைப்பட்ட குறும்புக்காரச் சிறுவன். அவன் மனத்தாங்கலுக்கு முகமூடி பலம் கொடுக்கிறது. கடைசியில் அவனையே பயன் முடிந்த பொம்மையாக உதறிவிட்டுத் தானே எழுகிறது. நிலவு மூன்று நாளில் ஊர்மேல் விழப்போகிறது. ஊரில் வெளியே நின்று நிமிர்ந்தால் அது தெரியும். கேமின் 72 மணிநேரம் நம் கடிகாரத்தில் 54 நிமிடம். அழிவு எப்போதும் கண்முன் தொங்குவதும், மாட்டியவன் மேல் இரக்கம் வருவதும் கற்றுக்கொள்ள வேண்டிய இரண்டு விடயங்கள். நிலவையும் ஸ்கல் கிட்டையும் அப்படியே தூக்கி வர வேண்டாம். வன்னியில் அந்த இடங்களில் வைக்க நம்மிடமே பொருள் இருக்கிறது.

நிலவின் இடத்தில் குளம். முகமூடியின் இடத்தில் வெருளி.

வயலில் நிற்கும் வெருளியின் தலை ஒரு பழைய பானை. கரி பூசி, சுண்ணாம்பால் கண்ணும் பல்லும் புள்ளியும் வைத்தது. புதுவீடு கட்டும்போதும் கண்ணூறு படாமலிருக்க அப்படியொரு முகத்தைத் தொங்கவிடுகிறோம். அதன் வேலை, மற்றவற்றின்மேல் விழும் பார்வையைத் தன்மேல் இழுத்துக்கொள்வது. பல போகமாக ஊரின் பார்வை முழுவதையும் வாங்கிய பானை ஒன்று, வாங்கியதை வைத்துக்கொண்டு என்ன செய்யும்? இதிலிருந்து மூன்று விடையும் வந்துவிடும். அது பார்வையைத் தின்று வளர்கிறது. மாட்டியவருக்கு எல்லோரும் தன்னையே பார்க்கும் பெருமையைக் கொடுக்கிறது. நாவூறு கழித்தால், அதாவது கண்ணூறைச் சுற்றிப்போட்டு நீக்கினால், விலகும்.

கதை சிறியது. காவலுக்குப் போன அண்ணன் வெருளிப் பானையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டுவிட்டான். தங்கை மூன்று இரவுக்குள் அவனை மீட்க வேண்டும். விளையாடுபவர் தங்கை. அவள் கையில் ஒரு ரோச் (கைவிளக்கு). ஆயுதம் எதுவும் கொடுக்காதீர்கள். கத்தி கொடுத்தால் விளையாடுபவர் அண்ணனைத்தான் வெட்டுவார்.

இந்தக் கட்டத்திலேயே இரண்டு எல்லை போட்டுக்கொள்ளுங்கள். உண்மையான கோயில், தெய்வம் எதையும் முகமூடியோடு முடிச்சுப்போட வேண்டாம். வற்றாப்பளை அம்மனும் காட்டோர ஐயனாரும் இந்தக் கதைக்குள் வரத் தேவையில்லை. அடுத்தது இதைவிட முக்கியம். நிலத்துக்குள் புதைந்து வெடிக்கும் பொறி, சுவரில் வரிசையாக மாட்டிய காணாமற்போனவர்களின் முகங்கள் போன்றவை திகில் கேம்களில் சாதாரணம். இங்கே விளையாடுபவரின் வீட்டிலேயே அப்படியொரு படம் மாட்டியிருக்கலாம். அவற்றைத் தொடாதீர்கள்.

இரண்டாம் படி: பானையைச் செய்வது

திரையில் வரைவதைவிட உண்மையான பானையைச் செய்து படமெடுப்பது சுலபம், அழகும் கூட. வாய் அகன்ற மண்பானை ஒன்று, கரித்தூள், குழைத்த சுண்ணாம்பு, விரல். தூரிகை வேண்டாம். வெருளியின் அழகே விரல் இழுத்த கோட்டில்தான் இருக்கிறது. ஒரு கண்ணை மற்றதைவிடக் கொஞ்சம் பெரிதாக வையுங்கள். இரண்டும் ஒத்திருந்தால் பொம்மைபோல் ஆகிவிடும்.

இருட்டிய அறையில் பானையை வைத்து, கைத்தொலைபேசியை அசையாமல் நிறுத்தி, ரோச்சை இடம், வலம், மேல், கீழ் என்று நாலு பக்கமிருந்து அடித்து நாலு படம் எடுங்கள். எல்லாவற்றையும் 256×256 பிக்சலுக்குச் சுருக்குங்கள். கேமில் தங்கையின் ரோச் எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அந்தப் படத்தைக் காட்டினால் போதும், பானை உண்மையிலேயே வெளிச்சத்தில் திரும்புவதுபோலத் தோன்றும். மலிவான போனுக்கு இது பாரமேயில்லை. படமெடுக்கும்போது கமெராவின் தானியங்கி வெளிச்சத்தைப் பூட்ட மறந்தால் நாலு படமும் நாலு நிறத்தில் வரும். பிறகு எவ்வளவு திருத்தினாலும் பொருந்தாது.

பானையில் மூன்று வெடிப்பு வரும். ஒவ்வொரு இரவுக்கும் ஒன்று. வெடிப்பைப் பானையில் கரியால் கீறி, ஒவ்வொன்றாகச் சேர்த்துப் படமெடுங்கள். வெடிப்பில்லாத நிலையையும் சேர்த்து 4×4, பதினாறு படம். கண்ணின் வெள்ளையை மட்டும் தனிப் படலமாக வெட்டிவையுங்கள். அது பின்னால் திறந்து மூட வேண்டும்.

மூன்றாம் படி: பார்வையை அளப்பது

கேமின் உயிர் இங்கேதான். ரோச் வெளிச்சம் என்பது தங்கையின் பார்வை. வெளிச்சம் பானையில் விழுந்தால் அது பலம் பெறும். விழாவிட்டால் இளைக்கும். ஆனால் வெளிச்சமில்லாமல் வரம்பு தெரியாது, சேற்றில் கால் வைப்பாள்.

வெளிச்சத்துக்குப் பொயின்ட்லைட்2டி நோட் (கோடாட்டில் கேமைக் கட்டும் பாகம்) ஒன்று, இருட்டுக்குக் கன்வஸ்மொடியுலேட். இவை கண்ணுக்கு மட்டுந்தான். பானையில் வெளிச்சம் பட்டதா என்பதை இவற்றிடம் கேட்க முடியாது. அதைக் கணக்கால் கண்டுபிடிக்க வேண்டும். தங்கை பார்க்கும் திசையையும், தங்கையிலிருந்து பானைக்குப் போகும் திசையையும் அலகு வெக்டராக்கி (நீளம் 1 ஆன திசைக்கோடு), புள்ளிப் பெருக்கம் (dot product) எடுங்கள். விடை 0.87 க்கு மேலிருந்தால் பானை 30 பாகைக்குள், அதாவது 60 பாகை வெளிச்சக் கூம்புக்குள், இருக்கிறது. தூரம் 300 பிக்சலுக்குள்ளும், இடையில் மரமோ வைக்கோற்போரோ மறைக்காமலும் இருக்க வேண்டும். மறைப்பைப் பார்க்க, கதிர் விட்டு எதில் முட்டுகிறது என்று சொல்லும் ரேகாஸ்ட்2டி ஒன்று. கதிர் பானையை மாட்டிய அண்ணனின் உடலைத் தொடுவதையும் மறைப்பாக எண்ணினால், எப்போதும் மறைப்பு இருக்கிறது என்றே சொல்லும். பானை வளரவே வளராது. புதிதாகச் செய்பவர்கள் அதிகம் மாட்டுப்படும் இடம் இது.

கண்ணூறு அளவு 0 இலிருந்து 100. பட்டால் விநாடிக்கு 25 கூடும், படாவிட்டால் விநாடிக்கு 8 குறையும். நாலு விநாடி பார்த்தால் நிரம்பிவிடும், வடிய பன்னிரண்டரை விநாடி எடுக்கும். இந்த வேறுபாடுதான் ரோச்சை அணைக்கும் கையை நடுங்க வைப்பது. 40 இல் கண்வெள்ளை திறக்கட்டும். 70 இல் அண்ணனின் நடை விநாடிக்கு 60 பிக்சலிலிருந்து 110 ஆகட்டும். தங்கையின் நடை 95; சேற்றில் 50. ஆக 70 க்கு மேல் ஓடித் தப்ப முடியாது, ரோச்சை அணைத்துவிட்டு ஒதுங்கத்தான் முடியும். 100 தொட்டால் அந்த இரவு முதலிலிருந்து.

இந்த அளவைத் திரையில் பட்டையாகக் காட்ட வேண்டாம். கண்வெள்ளையே பட்டை. பட்டை வைத்தால் விளையாடுபவர் பானையைப் பார்க்காமல் பட்டையைப் பார்ப்பார், பயம் போய்விடும்.

நாலாம் படி: மூன்று சுற்று

சண்டைக்குப் பதிலாக நாவூறு கழித்தல். மூன்று செத்தல் மிளகாய், ஒரு பிடி உப்பு, கொஞ்சம் வேப்பிலை சேர்ந்தால் ஒரு பொட்டலம். அதைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணனை மூன்று முறை சுற்றிவந்து, காவற்கொட்டில் அடுப்பில் போட வேண்டும். மூன்று இரவுக்கு ஒன்பது மிளகாய் தேவை. ஊர் முழுவதும் பன்னிரண்டு வையுங்கள். ஒருமுறை தவறவிட இடமுண்டு, இரண்டாம் முறை இல்லை. எழுதத் தொடங்குமுன் நாவூறு கழிக்கத் தெரிந்த ஓர் அம்மம்மாவிடம் கேளுங்கள். எந்தக் கையால், எப்பக்கமாக, என்னென்ன சேர்த்து என்பது வீட்டுக்கு வீடு மாறும். கேமில் ஒன்றைத் தேர்ந்து, கடைசிவரை அதையே வைத்திருங்கள்.

சுற்றை எண்ணுவது இப்படி. ஒவ்வொரு பிரேமிலும் (திரை ஒருமுறை புதுப்பிக்கப்படும் கணம்) பானையிலிருந்து தங்கைக்குப் போகும் வெக்டரை எடுத்து, முந்தைய பிரேமின் வெக்டருக்கும் இதற்கும் இடையிலான கோணத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். கூட்டுத்தொகை 360 பாகையானால் ஒரு சுற்று. கோணத்தைத் தனித்தனியாக எடுத்துக் கழிக்காதீர்கள். கோணம் 180 இலிருந்து மைனஸ் 180 க்குத் தாவும் கோட்டைத் தங்கை தாண்டும்போது ஒரே பிரேமில் ஒரு முழுச் சுற்று கணக்கில் ஏறிவிடும். கோடாட்டின் வெக்டர்2 இல் இருக்கும் 'ஆங்கிள்_டு' இந்தத் தாவலைச் சரிசெய்தே விடை தருகிறது, அதையே பாவியுங்கள். விடைக்குக் கூட்டல், கழித்தல் குறி இருப்பதால், எதிர்ப்பக்கமாக நடந்தால் சுற்று தானாகக் குறையும். ஒரே இடத்தில் நின்று ஆடி ஏமாற்றவும் முடியாது.

தூரம் 80 க்கும் 200 க்கும் இடையில் இருக்கும்போது மட்டும் எண்ணுங்கள். கீழ் எல்லை ஏனென்றால், அண்ணன் உரசிக்கொண்டு போகும்போது கோணம் ஒரு நொடியில் பாதிவட்டம் திரும்பிவிடும். 150 பிக்சல் தள்ளிச் சுற்றினால் ஒரு சுற்று 942 பிக்சல். 95 வேகத்தில் ஏறக்குறைய 10 விநாடி, மூன்று சுற்றுக்கு அரை நிமிடம். பதற்றத்தோடு தாங்கக்கூடிய அளவு அதுதான்.

சுற்றும்போது தங்கையின் முகம் நடக்கும் பக்கம் இருப்பதால் வெளிச்சம் பானையில் படாது. சும்மா விட்டால் இது மிகச் சுலபமாகிவிடும். ஆகவே அண்ணன் அவளைத் துரத்தக்கூடாது. அவள் ரோச்சின் முன்னால் வந்து நிற்கப் பார்க்க வேண்டும். அவன் இலக்கு, தங்கைக்கு 120 பிக்சல் முன்னாலுள்ள புள்ளி. முகமூடிக்குத் தேவை அடி இல்லை, பார்வை என்பதை எந்த வசனமும் இல்லாமல் விளையாடுபவர் புரிந்துகொள்ளும் கணம் அது. வெளிச்சம் பட்டால் முடித்த சுற்றுகளை அழிக்காதீர்கள், நடந்துகொண்டிருக்கும் சுற்றை மட்டும் பூச்சியமாக்குங்கள்.

பிறகு அடுப்பு. கண்ணூறு இருந்தால் மிளகாய்ப் புகை நெடிக்காது என்பது நம்பிக்கை. முதல் இரண்டு இரவும் புகை எழும்பட்டும், தங்கை இருமக்கூடாது. மூன்றாம் இரவு இருமட்டும். வெற்றி என்று திரையில் எழுதத் தேவையே இல்லை.

ஐந்தாம் படி: ஒலி

இருட்டில் அண்ணன் எங்கே என்று சொல்வது ஆக்காட்டி. ஆள் நடமாட்டம் கண்டால் கத்தும் குளத்தோரப் பறவை அது. அண்ணன் 600 பிக்சலில் இருக்கும்போது எங்கோ ஒரு கத்தல், 350 இல் அடிக்கடி, 180 இல் தலைக்குமேல். 100 க்குள் வந்ததும் ஆக்காட்டியும் சில்வண்டும் ஒரேயடியாக நிற்க வேண்டும். எல்லாக் கத்தலையும்விட அந்த அமைதிதான் உடம்பைக் கூசவைக்கும்.

பதிவுக்குக் கைத்தொலைபேசி போதும். விடியற்காலையில், காற்று விழுந்த நேரத்தில், போனின் வாயைப் பஞ்சால் மூடிப் பதியுங்கள். ஒற்றைத் தடமாக, ஓஜிஜி கோப்பாக மாற்றுங்கள். இரட்டைத் தடத்தில் விட்டால் பறவை எந்தப் பக்கம் என்பது குழம்பும். உடுக்குச் சத்தம் எல்லோருக்கும் முதலில் தோன்றும் யோசனை. தொடர்ந்து அடித்தால் இரண்டே நிமிடத்தில் காது அதை மறந்துவிடும். ஒரு சுற்று முடிந்தால் ஒரேயொரு அடி, அவ்வளவே. ஒலியை அணைத்து விளையாடுபவர்களுக்காக, 180 க்குள் வந்தால் போன் 80 மில்லிவிநாடி அதிரட்டும்.

ஆறாம் படி: இரண்டு குரல், தமிழ் எழுத்து

அண்ணன் வாயால் இரண்டு பேர் பேசுவார்கள். அண்ணன் பேசினால் ஊர்ப்பேச்சு: "பிள்ளை, நீ ஏன் இஞ்ச வந்தனி? வீட்ட போ." பானை பேசினால் கூத்துமேடைத் தமிழ்: "தங்கையே, சற்று இங்கே பாருங்கள்." வெடிப்பு விழ விழ இரண்டும் கலக்கும்: "தங்கையே, இங்கே பாரு... பாக்காத, பிள்ளை, பாக்காத!" யார் பேசுவது என்று நிறத்தாலோ பெயர்ப்பலகையாலோ காட்ட வேண்டாம். நம் காதுக்கு அந்த வேறுபாடு ஒரு சொல்லிலேயே தெரியும். தங்கையின் பேச்சு மாறவே கூடாது: "அண்ணா, அம்மா தேடுறா, வாங்கோ."

எழுத்துக் காட்டுவதில் கோடாட் 4 ஐ எடுத்ததற்குக் காரணம் உண்டு. அதன் முழு உரை இயந்திரம் எழுத்துகளைச் சேர்த்து உருவமைக்கும் ஹார்ஃப்பஸ் நிரல் மூலம் தமிழைச் சரியாகக் கோக்கிறது. கோப்பின் அளவைக் குறைக்க எளிய உரை இயந்திரத்தோடு கட்டினால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைத் திட்டத்துக்குள்ளேயே வையுங்கள், போனில் இருக்கும் என்று நம்ப வேண்டாம். வசனத்தை எழுத்தெழுத்தாக ஓடவிட்டால் 'கொ' வரவேண்டிய இடத்தில் முதலில் 'க' தோன்றி, பிறகு முன்னால் கொம்பு முளைத்து எல்லாம் நகரும். லேபிளில் 'விசிபிள் கரக்டர்ஸ் பிஹேவியர்' என்ற அமைப்பை, கோத்த பிறகு எண்ணும் தெரிவுக்கு மாற்றினால் இந்தத் துள்ளல் போய்விடும்.

ஏழாம் படி: குளம்

ஓர் இரவு எட்டு நிமிடம். ஒவ்வொரு இரவும் குளத்தில் ஓர் அடி ஏறும். துருசடியில் (மதகடியில்) அளவுகோல் நிற்கட்டும், குளக்கட்டில் எங்கு நடந்தாலும் நீர்மட்டம் தெரியட்டும். முதல் இரவு அலைகரைப் புல் மூழ்கும், இரண்டாம் இரவு மருதமரத்து வேர், மூன்றாம் இரவு குளம் வான் பாயத் தொடங்கும். நேரம் முடிந்தால் கட்டு உடைக்கும். காலபோக மழை பார்த்த எவருக்கும் இதற்கு விளக்கம் வேண்டாம். மணிக்கூடு காட்டாதீர்கள். நீரோடும் இரைச்சலை இரவுக்கு இரவு கூட்டினால் போதும்.

எட்டாம் படி: திரும்பிப் பாராத நடை

மூன்றாம் வெடிப்போடு பானை அண்ணன் தலையிலிருந்து கழன்று விழும். இப்போது அதற்கு வேறு முகம் வேண்டும். திரையின் ஓரங்களை மண்நிறமாக மூடி, நடுவில் இரண்டு கண்துளை மட்டும் விடுங்கள். விளையாடுபவர் ஒரு கணம் பானைக்குள்ளிருந்து பார்ப்பார். மூன்று விநாடிக்கு மேல் வேண்டாம், நீண்டால் வித்தையாகிவிடும். இந்தக் கட்டத்தில் இட வலத்தை மாற்றிப்போடும் பழைய தந்திரத்தையும் தவிருங்கள். அது விளையாடுபவரின் விரலைத்தான் தண்டிக்கும்.

தங்கை பானையைத் துணியில் சுற்றிச் சந்திக்குக் கொண்டுபோய், முதுகுக்குப் பின்னால் போட்டு உடைப்பாள். கழித்ததைப் போட்டபின் திரும்பிப் பார்க்கக்கூடாது. சந்தியிலிருந்து வீடு வரை 40 விநாடி நடை. 95 வேகத்தில் 3,800 பிக்சல் பாதை. அண்ணன் முன்னால் நடக்கிறான். பின்பக்கம் திரும்பும் பொத்தானை முடக்காதீர்கள். முடக்கினால் சோதனையே இல்லை. திரும்பினால் நடை மறுபடி சந்தியிலிருந்து.

எட்டாம் விநாடியில் பின்னாலிருந்து அண்ணன் குரல்: "தங்கையே, இங்கே பாருங்கள்." இதை எல்லோரும் கண்டுபிடிப்பார்கள். பதினெட்டாம் விநாடியில் காலடிச் சத்தம் ஒன்று கூடவே வந்து, தங்கை நிற்கும்போது அதுவும் நிற்கும். முப்பதாம் விநாடியில் அம்மா குரல்: "பிள்ளை, ரோச்சை விட்டிட்டுப் போறாய்." அந்தக் குரலில் கூத்துத்தமிழ் இல்லை. பானை ஊர்ப்பேச்சைப் பழகிவிட்டது.

ஒன்பதாம் படி: போனில் சோதிப்பது

ரெண்டரரை, அதாவது படத்தைத் திரையில் வரையும் பகுதியை, தொடக்கத்திலேயே 'கம்பாட்டிபிலிட்டி' முறைக்கு மாற்றியிருங்கள். கடைசியில் மாற்றினால் வெளிச்சத்தின் தோற்றம் வேறுபட்டு, எல்லா அளவையும் மறுபடி தொட வேண்டிவரும். 2 ஜிபி நினைவகமுள்ள போன் ஒன்றில் சோதியுங்கள். நண்பகல் வெயிலில், வெளியே நின்றும் ஒருமுறை பாருங்கள். மடிக்கணினியில் அழகாக இருந்த இருட்டு அங்கே கண்ணாடிபோல் உங்கள் முகத்தையே காட்டும். இருட்டின் நிறத்தை 12 வீதத்துக்குக் கீழே இறக்காமல், வெளிச்சம் கூட்டும் ஒரு தெரிவையும் வையுங்கள். கையொப்பச் சாவிக் கோப்பை இரண்டு இடத்தில் சேமியுங்கள். அது தொலைந்தால் போனிலுள்ள பழைய பதிப்பின்மேல் புதியதை ஏற்ற முடியாது.

கேமைப் பார்த்திராத ஐந்து பேரிடம் கொடுத்து, வாய் திறக்காமல் பக்கத்தில் இருங்கள். பார்க்க வேண்டியவை இரண்டே. இரண்டாம் இரவுக்குள் ஒருவராவது தானாக ரோச்சை அணைக்காவிட்டால் கண்வெள்ளை திறப்பது போதிய அளவு தெரியவில்லை. 40 ஐ 30 ஆக்குங்கள். கடைசி நடையில், அம்மா கூப்பிடும்போது ஐவரில் ஒருவரும் திரும்பாவிட்டால் அந்தக் குரல் மிகத் தூரத்தில் கேட்கிறது. ஒலியின் இடத்தைத் தங்கைக்குப் பின்னால் 60 பிக்சலுக்குக் கிட்டக் கொண்டுவந்து, பதிவை ஓர் அம்மாவிடம் மறுபடி எடுங்கள். வாசிப்பதுபோல் வேண்டாம், உண்மையில் முற்றத்தில் நின்று ஒருவரைக் கூப்பிடச் சொல்லிப் பதியுங்கள்.